பெயர் ஒன்று, கோப்பு வேறு: கம்பைலர் தேடும் பாதைகள்

சி, சி++ ஆகிய மொழிகளில் எழுதப்படும் மென்பொருளின் மூலநிரல் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்கிவிடுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் தன் தொடக்கத்தில் வேறு பல கோப்புகளைப் பெயர் சொல்லி அழைக்கிறது, அவ்வாறு அழைக்கப்பட்டவை மேலும் சிலவற்றை அழைக்கின்றன. ஹெடர் கோப்பு எனப்படும் இவற்றில் ஒரு செயல்கூறின் பெயர் என்ன, அதற்கு எத்தனை மதிப்புகளை எந்த வகையில் கொடுக்க வேண்டும், ஒரு தரவுத் தொகுதியில் எந்த உறுப்பு எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறது என்பன போன்ற அறிவிப்புகளே பெரும்பாலும் இருக்கும். அச்செயல்கூறை நடத்திவைக்கும் பொறிமொழிக் குறியீடு லைப்ரரி என்னும் தனிக் கோப்பில் வேறோர் இடத்தில் இருக்கும். மனிதர் எழுதிய நிரலைக் கணினிச் சில்லுக்குரிய பொறிமொழியாக மாற்றும் கம்பைலர், அந்த லைப்ரரியைத் திறந்து பார்க்காமல், ஹெடரில் எழுதியிருப்பதை அப்படியே நம்பித் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் நிரலில் குறிக்கப்படுவது ஹெடரின் பெயர் மட்டுமே. வட்டில் அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்ற முழு விவரம் அங்கே இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது, கம்பைலர் வரிசையாகச் சென்று பார்க்கும் கோப்புறைகளின் பட்டியல் ஒன்று. தேடல் பாதை என்று வழங்கப்படும் இப்பட்டியல் மூலநிரலுக்கு வெளியே, கணினிக்குக் கணினி வேறுபட்டு நிற்பதால், ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எனப் பல தளங்களுக்கு உருவாக்க முயல்வோர் முதலில் இடறி விழும் இடங்களில் ஒன்றாக அது இருக்கிறது.

இந்த ஏற்பாடு சி மொழியுடனேயே பிறந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி அம்மொழியை வடித்துக்கொண்டிருந்த 1972–73 காலத்தில்தான், ஆலன் ஸ்னைடர் என்பவரின் தூண்டுதலாலும், பிசிபிஎல், பிஎல்/1 ஆகிய முந்தைய மொழிகளில் கோப்பைக் கோப்புக்குள் சேர்க்கும் வசதி பயன்பட்டதைக் கண்டதாலும், பிரீபிராசசர் என்னும் முன்செயலி சேர்க்கப்பட்டது. கம்பைலர் தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நிரலைப் படித்து, இன்க்ளூட் என்ற கட்டளை வரும் இடத்தில் குறிப்பிட்ட கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதே அதன் முதற்பணி. தொடக்கத்தில் அது மொழியின் உறுப்பாகவே கருதப்படவில்லை. நிரலின் முதலில் ஒரு தனி அடையாளம் இருந்தால் மட்டுமே இயங்கியது. விருந்தாளியாக வந்து நிலைத்துவிட்ட இந்த வசதி, அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் இயங்குதளங்களின் கருவகங்கள் முதல் கைப்பேசிச் செயலிகள் வரை அனைத்துக்கும் அடியில் இருந்துவருகிறது.

இன்க்ளூட் கட்டளையில் ஹெடரின் பெயரை இரண்டு விதமாக எழுதலாம். கோண அடைப்புக்குள் எழுதினால் அது கணினியுடனோ கம்பைலருடனோ வந்த பொது ஹெடர் என்றும், இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அந்தத் திட்டத்துக்கே உரிய சொந்த ஹெடர் என்றும் கொள்வது வழக்கம். இது வழக்கமே தவிர விதியன்று. 1989-இல் அமெரிக்காவிலும் 1990-இல் பன்னாட்டு அளவிலும் ஏற்கப்பட்ட சி மொழித் தரநிலை, மேற்கோள் வடிவத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் கோண அடைப்பு வடிவத்தில் மீண்டும் தேட வேண்டும் என்பதற்கு மேல் பெரிதாக எதையும் கட்டளையிடவில்லை. எந்தெந்தக் கோப்புறையில், எந்த வரிசையில் தேடுவது என்பதைக் கம்பைலரை உருவாக்குவோரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கோப்புறை என்ற கருத்தே இல்லாத இயங்குதளங்களும் அன்று புழங்கின என்பதை எண்ணினால் அந்த மௌனம் நியாயமானதே. ஆயினும் இன்றைய தொல்லைகளில் பாதிக்கு அதுவே ஊற்றுக்கண்.

1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்டு, லினக்ஸ் உலகின் முதன்மைக் கம்பைலராக வளர்ந்த ஜிசிசி பின்பற்றும் வரிசை இது. மேற்கோள் வடிவமாக இருந்தால், இன்க்ளூட் கட்டளை எழுதப்பட்டிருக்கும் கோப்பு எந்தக் கோப்புறையில் உள்ளதோ அங்கே முதலில் பார்க்கும். பின்னர் ‘ஐகோட்’ என்ற சுவிட்ச், அதாவது கட்டளை வரியில் கம்பைலருக்குத் தரும் விருப்பக் குறி, வழியாக நிரலாளர் கொடுத்த கோப்புறைகளுக்குச் செல்லும். அதன் பிறகு இரு வடிவங்களுக்கும் வழி ஒன்றே: ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’ சுவிட்ச் வழியாகக் கொடுத்தவை இடமிருந்து வலமாக, அடுத்து ‘ஐசிஸ்டம்’ சுவிட்ச் வழியாகக் கொடுத்தவை, அதற்கும் அடுத்து கம்பைலரை நிறுவியபோதே அதனுள் பதிக்கப்பட்ட நிலையான கோப்புறைகள். தேடும் பெயரில் ஒரு கோப்பு எதிர்ப்பட்ட உடனே தேடல் நின்றுவிடும். ஒரே பெயருடைய இருவர் வாழும் தெருவில், முதலில் எதிர்ப்பட்டவர் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் தபால்காரரைப் போல, கிடைத்த கோப்பு உரியதுதானா என்று கம்பைலர் விசாரிப்பதில்லை.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ கம்பைலர் மேற்கோள் வடிவத்தை வேறு விதமாகக் கையாள்கிறது. இன்க்ளூட் எழுதப்பட்ட கோப்பின் கோப்புறையில் ஹெடர் கிடைக்காவிட்டால், அக்கோப்பை அழைத்த கோப்பின் கோப்புறையிலும், அதையும் அழைத்த கோப்பின் கோப்புறையிலும் எனத் தாய், பாட்டி என்று மேல்நோக்கி ஏறித் தேடிவிட்டுத்தான் சுவிட்ச் வழியாகக் கொடுத்த பாதைகளுக்கும், இறுதியில் ‘இன்க்ளூட்’ என்ற சூழல் மாறியில் எழுதப்பட்டிருக்கும் பாதைகளுக்கும் வருகிறது. ஒரு துணைக் கோப்புறைக்குள் இருக்கும் ஹெடர், தனக்கு மேலே உள்ள கோப்புறையின் ஹெடர் ஒன்றை வெறும் பெயரால் அழைத்தால், விண்டோஸில் அது சிக்கலின்றிக் கிடைப்பதும், அதே நிரல் லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்டதும் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடுவதும் இதனால்தான். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிராது.

கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் கண்டிப்பாகப் பொருட்படுத்தும். மைக்ரோசாஃப்டின் மென்பொருள் உருவாக்கத் தொகுப்பில் விண்டோஸ்.எச் போன்ற ஹெடர்களின் பெயர்கள் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வருகின்றன. லினக்ஸில் இருந்தபடியே விண்டோஸ் மென்பொருளை உருவாக்க உதவும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 தொகுப்பிலோ அதே ஹெடர்கள் முழுக்கச் சிறிய எழுத்துகளில் இருக்கின்றன. விஎல்சி மீடியா பிளேயரின் விண்டோஸ் பதிப்பு இவ்வாறு லினக்ஸில் உருவாக்கப்படும் மென்பொருள்களில் ஒன்று. இத்தகைய திட்டத்தில் ஒருவர் பழக்கத்தால் முதலெழுத்தைப் பெரியதாக எழுதிவிட்டால், அவருடைய விண்டோஸ் கணினியில் சரியாக ஓடிய நிரல் அடுத்தவருடைய லினக்ஸ் கணினியில் முதல் வரியிலேயே முறிந்துவிடும். கோப்புறைப் பெயர்களைப் பிரிக்கப் பின்சாய்வுக் கோட்டை இடும் விண்டோஸ் பழக்கத்துக்கும் இதே கதிதான். முன்சாய்வுக் கோட்டை மைக்ரோசாஃப்ட் கம்பைலரும் ஏற்கும் என்பதால், அதை மட்டுமே பயன்படுத்துவது எல்லோருக்கும் நல்லது.

இவையெல்லாம் கோப்புக் கிடைக்காத குறைகள். கம்பைலர் உடனே நின்று, எந்தக் கோப்பின் எந்த வரியில் எது கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவதால், எரிச்சலூட்டினாலும் ஆபத்தற்றவை. தேடிய பெயரில் வேறொரு கோப்புக் கிடைத்துவிடுவதே மெய்யான ஆபத்து.

அதற்குச் சி++ உலகில் பலரைத் திகைக்க வைத்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டுத் தரநிலைக்காக அம்மொழியில் ‘வெர்ஷன்’ என்ற பெயரில் புதிய ஹெடர் ஒன்று சேர்க்கப்பட்டது. சி++ மொழியின் பொது ஹெடர்களுக்கு ‘.எச்’ போன்ற பின்னொட்டு கிடையாது என்பதால், அக்கோப்பின் முழுப்பெயரும் சிறிய எழுத்துகளில் அமைந்த அந்த ஒரு சொல்லே. மறுபுறம், தங்கள் மென்பொருளின் பதிப்பு எண்ணை, அதே சொல்லை முழுக்கப் பெரிய எழுத்துகளில் பெயராகக் கொண்ட ஓர் உரைக்கோப்பில் எழுதித் திட்டத்தின் முதன்மைக் கோப்புறையில் போட்டுவைப்பது திறமூல மென்பொருளாளர்களின் நெடுநாள் வழக்கம். மேக் கணினிகளின் கோப்பு முறைமை இயல்பு நிலையில் பெரிய, சிறிய எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. முதன்மைக் கோப்புறையை ‘ஐ’ சுவிட்ச் வழியாகத் தேடல் பாதையில் சேர்த்துவைப்பதும் பரவலான பழக்கம். ஆப்பிள் பயன்படுத்தும் சி++ நூலகத்தின் ஹெடர்கள் பலவும் உள்ளுக்குள் வெர்ஷன் ஹெடரை அழைக்கத் தொடங்கியதும், கம்பைலர் முதலில் திட்டத்தின் கோப்புறைக்குச் சென்று, ‘1.4.2’ என்பது போன்ற ஒற்றை வரி மட்டும் இருக்கும் உரைக்கோப்பை எடுத்து, அதைச் சி++ நிரலாகப் படிக்க முயன்று, பொருள் விளங்காத பிழைச் செய்திகளைக் கொட்டியது. திட்டத்தின் நிரலாளர் அந்த ஹெடரைத் தம் நிரலில் எங்குமே அழைத்திருக்க மாட்டார் என்பதால், பிழை எங்கிருந்து வருகிறது என்பதே அவருக்கு நெடுநேரம் பிடிபடாது. உரைக்கோப்புக்கு வேறு பெயர் சூட்டியோ, முதன்மைக் கோப்புறையை ‘ஐ’ சுவிட்சுக்குப் பதிலாக மேற்கோள் வடிவத்துக்கு மட்டும் பயன்படும் ‘ஐகோட்’ சுவிட்சுக்கு மாற்றியோ இதிலிருந்து தப்பலாம். இரண்டாவதே முறையான தீர்வு. முதலாவது விரைவானது என்பதால் பெரும்பாலோர் அதையே செய்வர் என்பதும் எதிர்பார்க்கத்தக்கதே.

வெர்ஷன் கோப்பு விஷயத்தில் பிழைச் செய்தியாவது வந்தது. கிராஸ் கம்பைலிங் எனப்படும் முறையில், அதாவது ஒரு வகைக் கணினியில் அமர்ந்து வேறொரு வகைக் கணினிக்கான மென்பொருளை உருவாக்கும்போது, செய்தியே இல்லாமல் தவறு நுழைய இடமுண்டு. ராஸ்பெரி பை போன்ற சிறுகணினிக்கு உரிய நிரலை ஆற்றல் மிக்க மேசைக்கணினியில் உருவாக்குவது பரவலான தேவை. அவ்வேளையில் ஒரே மேசைக்கணினியில் இரண்டு உலகங்களின் ஹெடர்கள் இருக்கும்: மேசைக்கணினியின் சொந்த ஹெடர்கள் வழக்கமான /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையிலும், சிறுகணினிக்குரியவை தனியே ஒதுக்கப்பட்ட இடத்திலும் இருக்கும். பெயர்கள் ஒன்றே, உள்ளடக்கம் மட்டும் வேறு. எல்லா ஹெடர்களும் இவ்வாறு மாறுபடுவதில்லை. ஆனால் லைப்ரரியை உருவாக்கும் தருணத்தில் அந்தந்தக் கணினிக்கேற்ப இயற்றப்படும் ஹெடர்கள் பல உள்ளன. பேரெண் கணக்கீட்டுக்கான ஜிஎம்பி லைப்ரரியின் ஜிஎம்பி.எச் அத்தகையது, ஓர் எண் துண்டு எத்தனை பிட் கொண்டது என்ற விவரம் அதனுள் எழுதப்பட்டுவிடுகிறது. பைத்தான் மொழியின் பைகான்ஃபிக்.எச் இன்னொன்று.

பைகான்ஃபிக்.எச் கோப்பில் ‘லாங்’ என்ற முழு எண் வகை நினைவகத்தில் எத்தனை பைட் இடத்தைப் பிடிக்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். 64 பிட் லினக்ஸில் அது 8. 32 பிட் ஆர்ம் சில்லில் 4. 64 பிட் விண்டோஸிலும் 4 என்பது பலர் மறந்துவிடும் செய்தி. 32 பிட் ஆர்ம் சில்லுக்காகக் கம்பைல் செய்கையில், தேடல் பாதையில் மேசைக்கணினியின் கோப்புறை முந்திக்கொண்டால், 8 என்று எழுதிய கோப்பு உள்ளே வரும். பைத்தானை உருவாக்கியோர் இதை எதிர்பார்த்திருக்கின்றனர்: பைபோர்ட்.எச் என்ற மற்றொரு ஹெடரில், கம்பைலர் அறிந்த பிட் எண்ணிக்கையையும் பைகான்ஃபிக் சொல்லும் பைட் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் லாங் வகையின் அளவு இத்தளத்துக்குத் தவறாகத் தெரிகிறது என்று கூறி வேலையை நிறுத்தும் வரி ஒன்றைச் சேர்த்துவைத்துள்ளனர். அச்செய்தி அடைப்புக்குள் ஜிசிசியின் அமைப்போ சி நூலகத்தின் அமைப்போ கெட்டிருக்கலாம் என்று ஐயம் எழுப்புகிறது. கிராஸ் கம்பைலிங்கில் அதைச் சந்திப்போரின் உண்மையான சிக்கல் பெரும்பாலும் தேடல் பாதையில்தான் இருக்கும்.

1995-இல் ஜான்-லூ கையி, மார்க் ஆட்லர் ஆகியோர் வெளியிட்ட இசட்லிப் என்னும் தரவுச் சுருக்க லைப்ரரி இன்னும் நுட்பமான காவலைக் கொண்டிருக்கிறது. அதன் தொடக்கச் செயல்கூறை நிரலாளர் அழைக்கும்போது, அவருக்குத் தெரியாமலேயே ஹெடரில் உள்ள மேக்ரோ என்னும் உரைமாற்று வரையறை இரண்டு கூடுதல் மதிப்புகளைச் சேர்த்து அனுப்புகிறது: ஒன்று அந்த ஹெடரின் பதிப்பு எண், மற்றொன்று அந்த ஹெடரின்படி தரவுத் தொகுதி எத்தனை பைட் என்ற அளவு. ஓடும் வேளையில் லைப்ரரி தன்னிடம் உள்ள அளவோடு அதை ஒப்பிட்டு, வேறுபட்டால் பதிப்புப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். ஹெடர் ஓரிடத்திலிருந்தும் லைப்ரரி வேறிடத்திலிருந்தும் வந்து சேர்வது எவ்வளவு சாதாரணமானது என்பதை அனுபவத்தில் அறிந்தோர் வைத்த காவல் அது. இத்தகைய காவல் இல்லாத லைப்ரரிகளே மிகுதி. அவற்றில் ஹெடர் சொல்லும் இடத்தில் ஓர் உறுப்பும் லைப்ரரி எதிர்பார்க்கும் இடத்தில் வேறோர் உறுப்பும் இருந்தால், மென்பொருள் எச்சரிக்கை ஏதுமின்றி உருவாகி, பயனாளரின் கையில் போன பிறகு தவறான விடை தரும் அல்லது நின்றுபோகும்.

கிராஸ் கம்பைலிங்கில் இரு கணினிகளின் ஹெடர்கள் இவ்வாறு கலந்துவிடாமல் தடுக்கக் கண்டறியப்பட்ட செம்மையான வழி சிஸ்ரூட் எனப்படுவது. இலக்குக் கணினியின் கோப்புகள் எவ்வாறு அமைந்திருக்குமோ அவ்வாறே ஒரு தனிக் கோப்புறைக்குள் அதன் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் அடுக்கி, இனி இதுவே மூலக் கோப்புறை என்று கம்பைலரிடம் ஒரு சுவிட்ச் மூலம் சொல்லிவிட்டால், /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று அது தேடப் போகும் நிலையான பாதையெல்லாம் அத்தனிக் கோப்புறைக்குள்ளேயே திரும்பிவிடும். ஆனால் நிரலாளர் ‘ஐ’ சுவிட்சில் கைப்பட எழுதிய பாதைகளுக்கு இந்தத் திசைதிருப்பல் தானாகப் பொருந்தாது. பாதையின் முன்னால் சமக்குறியை இட்டால் மட்டுமே ஜிசிசி அங்கே சிஸ்ரூட்டின் பெயரைச் சேர்க்கும். ஆகவே மென்பொருளை உருவாக்கும் கட்டளைகள் அடங்கிய, எங்கோ ஒரு பழைய பில்ட் கோப்பில் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் சிஸ்ரூட் கட்டிய மதிலில் அது துளையிட்டுவிடும். பதிகணினிகளுக்கு லினக்ஸ் அமைப்பை உருவாக்கித் தரும் பில்ட்ரூட் திட்டம், கம்பைலரின் முன்னால் ஒரு சிறு நிரலை நிறுத்தி, இத்தகைய பாதை வந்தால் கிராஸ் கம்பைலிங்கில் பாதுகாப்பற்ற பாதை பயன்படுத்தப்படுகிறது என்று எச்சரிக்கவோ வேலையை நிறுத்தவோ செய்கிறது. டெபியன் லினக்ஸ் வேறொரு வழியைக் கையாண்டது: 2013-இல் வெளிவந்த அதன் 7-ஆம் பதிப்பு முதல், கணினிக்குக் கணினி வேறுபடும் ஹெடர்களை அந்தந்தச் சில்லின் பெயர் தாங்கிய துணைக் கோப்புறைகளில் பிரித்துவைக்க வழிசெய்து, பல வகைச் சில்லுகளுக்குரியவை ஒரே கணினியில் மோதாமல் இருக்கச் செய்தது.

பாதையின் வரிசை எவ்வளவு மென்மையான பொருள் என்பதை 2016-இல் வெளிவந்த ஜிசிசி 6 பலருக்கும் உணர்த்தியது. பிறர் எழுதிய ஹெடர்களில் உள்ள சில்லறைக் குறைகளுக்கெல்லாம் எச்சரிக்கை வராமல் அடக்குவதற்காக அவற்றின் கோப்புறையை ‘ஐசிஸ்டம்’ சுவிட்ச் வழியாகக் கொடுப்பது நல்ல பழக்கமாகக் கருதப்பட்டு வந்தது; அந்த உற்சாகத்தில் பில்ட் கருவிகள் சில, /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையையும் அவ்வாறே கொடுத்துவந்தன. அப்பதிப்பிலிருந்து ஜிசிசியின் சி++ நூலகம் எஸ்டிடிலிப்.எச் என்ற பழைய சி ஹெடருக்குத் தன் சொந்த உறையொன்றைச் சேர்த்துக்கொண்டு, உண்மையான ஹெடரை ‘இன்க்ளூட் நெக்ஸ்ட்’ என்ற கட்டளையால் தேடியது. பட்டியலில் இப்போது நிற்கும் இடத்துக்கு அடுத்த கோப்புறையிலிருந்து மட்டும் தேடு என்பது அக்கட்டளையின் பொருள். சி++ ஹெடர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டிய /யூஎஸ்ஆர்/இன்க்ளூட், அந்தச் சுவிட்சால் முன்னால் நகர்த்தப்பட்டிருந்ததால், பின்னோக்கிப் பார்க்காத அந்தத் தேடலில் எஸ்டிடிலிப்.எச் கிடைக்கவில்லை; கண்ணெதிரே வட்டில் இருக்கும், சி நிரல் உருவாக்கும் எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் ஒரு கோப்பைக் காணோம் என்று கம்பைலர் கூறியது. அதே கோப்புறையை ‘ஐ’ சுவிட்சில் கொடுத்திருந்தால் தீங்கு நேர்ந்திராது, ஏனெனில் நிலையான கோப்புறைகள் அச்சுவிட்சில் திரும்ப வந்தால் ஜிசிசி அதைப் புறக்கணித்து அவற்றை அவற்றின் இயல்பான இடத்திலேயே வைத்துக்கொள்ளும். கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்த கோப்புறையை அதற்கு மறுபடியும் சொல்லாதிருப்பதே இவ்விஷயத்தில் பாதுகாப்பானது.

மேக் உலகில் மாற்றம் மேலிருந்து வந்தது. 2018-இன் மொஹாவி பதிப்புடன் ஆப்பிள் தன் ஹெடர்களை /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையிலிருந்து எடுத்து, எக்ஸ்கோடு முதலிய தன் நிரலாக்கக் கருவிகளுடன் வரும் எஸ்டிகே எனும் மென்பொருள் உருவாக்கத் தொகுப்புக்குள் மட்டும் வைத்தது; பழைய இடத்தில் அவற்றை நிறுவிக்கொள்ளத் தற்காலிகப் பொதி ஒன்றையும் அளித்தது. அடுத்த ஆண்டின் காட்டலினாவில் இயங்குதளப் பகுதியே எழுத இயலாததாக மாறியதால் அந்தக் குறுக்குவழியும் அடைபட்டது. பின்னர் ஆப்பிளின் சொந்தச் சில்லுகள் வந்தபோது, ஹோம்ப்ரூ என்ற பொதி மேலாண்மைக் கருவி தன் இருப்பிடத்தை /யூஎஸ்ஆர்/லோக்கல் என்பதிலிருந்து /ஆப்ட்/ஹோம்ப்ரூ என்பதற்கு மாற்றியது. முன்னதை ஆப்பிள் பயன்படுத்தும் கிளாங் கம்பைலர் தானாகவே தேடும், பின்னதைத் தேடாது. பாதையைக் குறிப்பிடாமலேயே பல்லாண்டுகள் ஓடிய பில்ட் கோப்புகள் புதிய மேக் கணினிகளில் நின்றுபோனதற்கு அதுவே காரணம். ஆண்ட்ராய்டுக்குச் சி, சி++ நிரல் எழுத உதவும் என்டிகே தொகுப்போ எதிர்த்திசையில் எளிமையடைந்தது: ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பு நிலைக்கும் தனித்தனி ஹெடர்த் தொகுதி என்றிருந்ததை 2017-இல் ஒரே தொகுதியாக்கி, எந்த நிலைக்கு எது உண்டு என்பதை ஹெடர்களுக்குள்ளேயே நிபந்தனைகளாக எழுதிவிட்டது.

இத்தனை வேறுபாடுகளையும் ஒவ்வொரு நிரலாளரும் நினைவில் வைத்திருக்க இயலாது என்பதாலேயே பில்ட் கருவிகள் தோன்றின. 2000-இல் தொடங்கப்பட்ட சிமேக் இவற்றுள் பரவலானது. முற்காலத்தில் அதில் ஒரு கோப்புறையைச் சேர்த்தால் அது அங்கு உருவாகும் அனைத்துக்கும் பொதுவாகப் பரவிவிடும். 2013-இல் வந்த 2.8.11 பதிப்பு, எந்த லைப்ரரிக்கு எந்தப் பாதை, அது அந்த லைப்ரரிக்குள் மட்டும் பயன்படுவதா, அதைப் பயன்படுத்துவோருக்கும் தேவையா என்று பிரித்து எழுத வழிசெய்தது. வெர்ஷன் கோப்பு போன்ற விபத்துகளின் எல்லையைச் சுருக்கும் பிரிவினை இதுவே. இலக்குக் கணினியின் சிஸ்ரூட், கம்பைலர் ஆகிய விவரங்களை டூல்செயின் கோப்பு என்ற ஒரே இடத்தில் எழுதி, ஹெடர்களை இலக்கின் உலகத்துக்குள் மட்டுமே தேடு என்று கட்டளையிடவும் அதில் இயலும்.

கருவிகள் இவ்வளவு இருந்தும், சூழல் மாறியில் பாதையை எழுதிவைக்கும் குறுக்குவழி ஒழிந்தபாடில்லை. சிபாத் என்ற மாறியில் எழுதிய கோப்புறைகளை ஜிசிசி, ‘ஐ’ சுவிட்சில் கொடுத்தவற்றுக்கு அடுத்ததாகத் தேடும். ஒருவர் தம் கணினியில் எப்போதோ அதை அமைத்துவிட்டு மறந்துவிட்டால், அவரிடம் மட்டும் ஓடும் மென்பொருள் என்ற வினோதம் உருவாகும். இதில் மறைந்திருக்கும் கண்ணி இன்னும் மோசமானது: முன்பிருந்த மதிப்பின் பின்னால் முக்காற்புள்ளியிட்டுப் புதிய பாதையை ஒட்டுவது வழக்கம், முன்பிருந்த மதிப்பு வெறுமையாக இருந்தால் முக்காற்புள்ளிக்கு முன் எதுவும் இராது, அந்த வெற்றிடத்தை ஜிசிசி ‘தற்போது நிற்கும் கோப்புறை’ என்று பொருள் கொள்ளும். கேட்காமலேயே தற்போதைய கோப்புறை தேடல் பட்டியலில் ஏறிவிடும். பிறருக்குக் கொடுக்கவேண்டிய மென்பொருளில் இம்மாறியை நம்புவதற்கு நியாயம் ஏதுமில்லை.

ஐயம் எழும்போது ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஜிசிசி, கிளாங் ஆகிய இரண்டும் சிறிய எழுத்து ‘வி’ சுவிட்சைக் கொடுத்தால், மேற்கோள் வடிவத்துக்கும் கோண அடைப்பு வடிவத்துக்கும் தேடல் எங்கே தொடங்குகிறது என்று தனித்தனியே தலைப்பிட்டுக் கோப்புறைகளை வரிசையாக அச்சிடும். இல்லாத கோப்புறையையும் இரட்டித்து வந்ததையும் புறக்கணித்ததாகவும் சொல்லும். பெரிய எழுத்து ‘எச்’ சுவிட்ச், உண்மையில் திறக்கப்பட்ட ஒவ்வொரு ஹெடரின் முழுப்பாதையையும், எத்தனை அடுக்கு ஆழத்தில் அழைக்கப்பட்டது என்பதைக் காட்டும் புள்ளிகளோடு பட்டியலிடும். விஷுவல் சி++ கம்பைலரில் ‘ஷோ இன்க்ளூட்ஸ்’ என்ற சுவிட்ச் அதையே செய்கிறது. கிராஸ் கம்பைலிங்கில் அப்பட்டியலில் மேசைக்கணினியின் /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஒரே ஒரு வரியில் தென்பட்டாலும், மென்பொருள் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன் அதை நீக்க வேண்டும்.

சி++ மொழியின் 2020 தரநிலை கொண்டுவந்த மாட்யூல் முறை, உரையை வெட்டி ஒட்டும் இப்பழைய வழக்கத்துக்கு மாற்றாக வகுக்கப்பட்டது. 2023 தரநிலை பொது நூலகம் முழுவதையும் ஒரே மாட்யூலாக அழைக்க வகைசெய்தது. ஆனால் லினக்ஸ் கருவகமும், பைத்தானின் உட்பகுதியும், விண்டோஸின் நிரல் இடைமுகமும் தங்களைச் சி ஹெடர்கள் வழியாகவே வெளியுலகுக்கு அறிவித்துக்கொண்டிருப்பதால், தேடல் பாதைகளுக்கு ஓய்வு அண்மையில் இல்லை. கணினி மாணவர்கள் பைத்தான் பொதியொன்றை உபுண்டுவிலோ டெபியனிலோ நிறுவும்போது பைத்தான்.எச் என்ற கோப்பு இல்லை என்று செய்தி வந்தால், பாதைகளை மாற்றியமைக்கத் தொடங்கிவிட வேண்டாம். பெரும்பாலும் விடுபட்டிருப்பது ஹெடர்களைத் தாங்கிவரும் பைத்தான்3-டெவ் என்ற தனிப் பொதியே, அதை நிறுவினால் கம்பைலருக்குத் தேவையான பாதையில் கோப்பு தானாக வந்து அமர்ந்துவிடும்.